ஹோஸ் நனையாத தீயணைப்புப் படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு பேருந்து நிலையச் சுவர்களில் 'ஃபயர் அண்ட் சேஃப்டி' சுவரொட்டிகள் முளைத்துவிடுகின்றன. சிவப்பு வண்டி, தலைக்கவசம் மாட்டிய இளைஞர், பின்னால் தீப்பிழம்பு, அடியில் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு'. ஆறு மாதம், ஓராண்டு என்று சமுதாயக் கல்லூரிகளும் தனியார் பயிற்சி நிலையங்களும் இதை நடத்துகின்றன. நல்ல படிப்புதான். ஆனால் பல இடங்களில் கரும்பலகையிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. மடித்த மடிப்புக் கலையாத ஹோஸ் (தீயணைக்கத் தண்ணீர் கொண்டுபோகும் மடக்குக் குழாய்), சுவரை விட்டு இறங்காத தீயணைப்பான், பெட்டியிலேயே தூங்கும் சுவாசக் கருவி. தொழிற்பாதுகாப்புப் பயிற்சி தருபவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். பணம் கட்டுமுன் பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும், கல்லூரிகள் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வதே நோக்கம்.

முதலில் அந்தச் சிவப்பு வண்டி. தமிழ்நாடு தீயணைப்பு மீட்புப் பணித் துறையில் தீயணைப்பாளர் வேலைக்கு ஆள் எடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. எழுத்துத் தேர்வு, உடல் அளவு, ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடும் ஓட்டம், கயிறு ஏறுதல் என்று போகும். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு; ஃபயர் டிப்ளமோவுக்குக் கிடையாது. தேர்வானவர்களுக்குப் பயிற்சியைத் துறையே தந்துவிடும். அரசு வேலைதான் குறி என்றால், கட்டணத்தில் ஒரு பங்கைச் செலவழித்து நல்ல ஷூ வாங்கி விடியற்காலையில் மைதானத்துக்குப் போவது மேல்.

அடுத்தது 'சேஃப்டி ஆபீசர்' என்ற சொல். ஆலைகள் சட்டப்படி நியமிக்க வேண்டிய பாதுகாப்பு அலுவலருக்குப் பொறியியல் அல்லது அறிவியல் படிப்பும், ஆலை அனுபவமும், அங்கீகாரம் பெற்ற தொழிற்பாதுகாப்புப் பட்டயமும் வேண்டும். சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்துவது அப்படிப்பட்ட பட்டயம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஓராண்டு படித்து வாங்கும் சான்றிதழை வைத்து அந்த நாற்காலியில் உட்கார முடியாது. வளைகுடா வேலைக்கென்று கூடவே சேர்த்து விற்கப்படும் நெபோஷ் பிரிட்டனில் இருந்து வரும் பாதுகாப்பு மேலாண்மைச் சான்றிதழ். அதற்கும் தீயை அணைப்பதற்கும் தொடர்பு குறைவு.

பின் இந்தப் படிப்பு எதற்குத்தான்? ஆலை, மருத்துவமனை, வணிக வளாகம், அடுக்குமாடி, கிடங்கு, துறைமுகம் ஆகிய இடங்களில் ஃபயர் டெக்னீஷியன், பம்ப் ரூம் ஆபரேட்டர், தீயணைப்புக் காவலர் வேலைகள் இருக்கின்றன. அங்கே தீப்பிடித்தால் வண்டி வரும்வரை அந்தக் கட்டடம் இவர் கையில்தான். இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியபோது, உள்ளூர் வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகளின் கையைத் தயார் செய்வதுதான் எண்ணம். தீப்பாதுகாப்பைப் போல அதற்குப் பொருந்தும் பாடம் வேறில்லை. கை பழகினால்தான்.

கை பழகுவது என்றால் என்ன? ஹோஸிலிருந்து தொடங்குவோம். நம்மூர்க் கட்டடங்களில் இருப்பது 63 மி.மீ. விட்டம், 15 மீட்டர் நீளமுள்ள டெலிவரி ஹோஸ். இணைப்பதற்கான உலோக வாய்தான் கப்ளிங்: ஒரு முனையில் ஆண் கப்ளிங், மறு முனையில் பெண் கப்ளிங். ஆண் முனை தண்ணீர்ப் பக்கம், பெண் முனை தீயின் பக்கம். அதாவது கட்டடத்துத் தீயணைப்புக் குழாயிலிருந்து தண்ணீர் எடுக்கும் ஹைட்ரண்ட் வால்வின் வாயில் ஆண் முனை போய் 'டக்'கென்று உட்கார வேண்டும். பெண் முனையில் பிராஞ்ச் பைப் மாட்ட வேண்டும்; தண்ணீரைப் பீய்ச்சும் நாசில் அதன் நுனியில் இருக்கும். அவசரத்தில் திருப்பி விரித்துவிட்டால் இரண்டும் சேராது. முழு நீளத்தையும் மீண்டும் இழுத்துத் திருப்ப வேண்டும். புகைக்குள் அந்த ஒரு நிமிடம் பெரிய நிமிடம். பெண் கப்ளிங்கின் உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது கழன்று விழுந்திருந்தால் இணைப்பிலேயே தண்ணீர் பீய்ச்சியடிக்கும், நாசிலில் வேகம் இருக்காது. ஹோஸைக் கையில் எடுத்தவுடன் கட்டை விரலை உள்ளே விட்டு வாஷரைத் தடவிப் பார்ப்பது பழக்கமாகிவிட வேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரிதான். கைக்கு நூறு தடவை வேண்டும்.

சுருட்டுவதும் அப்படித்தான். ஹோஸை இரட்டையாக மடித்து, மேல் அடுக்கின் ஆண் முனை கீழ் அடுக்கின் பெண் முனைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்ளே இருக்குமாறு விட்டு, மடிந்த பக்கத்திலிருந்து இறுக்கிச் சுருட்டினால் இரண்டு கப்ளிங்கும் வெளியே நிற்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு உருட்டிவிட்டால் முறுக்கில்லாமல் விரியும். மடிப்பை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் விட்டால் உள் ரப்பர் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். அவ்வப்போது மடிப்பை மாற்ற வேண்டும். நனைந்ததைக் கழுவி, தொங்கவிட்டு, நிழலில் உலர்த்திய பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

நாசிலைப் பிடிப்பவர் நின்று, காலை ஊன்றி, 'வாட்டர் ஆன்' என்று சொன்ன பிறகுதான் வால்வைத் திறப்பவர் திறக்கலாம். அதையும் மெல்லத் திறக்க வேண்டும். படக்கென்று திறந்தால் தண்ணீர் ஹோஸுக்குள் பாய்ந்து அடிக்கும் அடியில் நாசில் கையை விட்டுப் பறக்கும். பித்தளை நாசில் ஒரு ஆளின் தாடையை உடைக்கும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். மாணவர்கள் பயப்படும் பகுதி இது. ஆனால் எட்டாம் வகுப்புக் கணக்குதான். 20 மி.மீ. நாசில், அதன் வாயில் 3.5 கிலோ அழுத்தம் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பதையே சுருக்கமாக இப்படிச் சொல்வோம்) என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தின் வர்க்கத்தை அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும்: கிட்டத்தட்ட 500. நாசில் பின்னால் தள்ளும் விசை சுமார் 22 கிலோ. அழுத்தம் 7 கிலோ ஆனால் தண்ணீர் 700 லிட்டர், தள்ளும் விசை 45 கிலோ. ஒல்லியான ஒரு பையன் தனியாகப் பிடிக்க முடியாது என்பதை இந்த எண் சொல்லிவிடும். 4,500 லிட்டர் கொள்ளும் தீயணைப்பு வண்டி அந்த ஒரே நாசிலில் 3.5 கிலோவில் 9 நிமிடத்தில் காலியாகும். வண்டி வந்ததும் முதல் வேலையாக அடுத்த தண்ணீர் எங்கே என்று ஏன் கேட்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

இன்னொன்று. அடுக்குமாடியின் எட்டாவது தளம், தரையிலிருந்து 24 மீட்டர். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் குறையும், 2.4 கிலோ அங்கே போய்விட்டது. 15 மீட்டர் ஹோஸ் ஒன்றில் உராய்வால் போவது கிட்டத்தட்ட 0.17 கிலோ, இரண்டு ஹோஸுக்கு 0.34. நாசிலில் 3.5 வேண்டும். கூட்டினால் 6.24. குழாயில் போகும் இழப்பு தனி. பம்ப் ரூமில் அழுத்தமானியின் முள் ஏன் 7-இல் நிற்கிறது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. இந்தக் கணக்கு தெரிந்தவன் முள் 4-இல் நின்றால் பதறுவான். தெரியாதவனுக்கு அது வெறும் முள்.

பம்ப் ரூம் என்றதும் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை அங்கேதான், கல்லூரிகள் கண்டுகொள்ளாததும் அதைத்தான். குழாயின் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சிறிய ஜாக்கி பம்ப், பெரிய மின்சாரப் பம்ப், மின்சாரம் போனால் டீசல் பம்ப் என்று மூன்று இருக்கும். வழக்கமான ஓர் அமைப்பில் 7 கிலோவில் நிற்கும் குழாய் 6-க்கு இறங்கினால் ஜாக்கி ஓடும், 7 ஆனதும் தானே நிற்கும். 5-க்கு இறங்கினால் மின்சாரப் பம்ப், 4-க்கு இறங்கினால் டீசல். பெரிய இரண்டும் தானே தொடங்கும், தானே நிற்காது; ஆள்தான் நிறுத்த வேண்டும். தீயணைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு நொடி அழுத்தம் ஏறியதைப் பார்த்துப் பம்ப் தானாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி. 'ஆட்டோவுக்குத்தானே போட்டிருக்கு, ஏன் நிற்கல?' என்று நேர்முகத் தேர்வில் கேட்பார்கள். டிப்ளமோ கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் விழிப்பது இந்தக் கேள்வியில்தான்.

அங்கே என்னென்ன கெடும்? ஜாக்கி ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஓடினால் எங்கேயோ கசிவு. அந்தச் சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று யாராவது பேனலை 'மேனுவல்' பக்கம் திருப்பிவிடுவார்கள். அன்றோடு அந்தக் கட்டடத்துக்குத் தீப்பாதுகாப்பு இல்லை. டீசல் எஞ்சினுக்கு பேட்டரி செத்திருக்கும்; வாரம் ஒரு முறை ஓட்டிப் பார்க்காததால் யாருக்கும் தெரிந்திருக்காது. தொட்டி பம்புக்குக் கீழே இருந்தால் உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு கசிந்து உறிஞ்சு குழாய் வறண்டிருக்கும், பம்ப் காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும். பம்பின் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தைப் பேக்கிங் வைத்து அடைத்திருக்கும் கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். ஒழுகுகிறதே என்று ஸ்பேனரை எடுத்து முழுக்க இறுக்குவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். பேக்கிங் எரிந்து ஷாஃப்ட் தேய்ந்துவிடும். மாடிகளில் ஹோஸ் பெட்டியைத் திறந்தால் ஹோஸ் இருக்கும், நாசில் இருக்காது. பித்தளை அல்லவா, பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். கல்லூரியில் மூன்று பம்ப் வாங்கி வைக்கச் சொல்லவில்லை. பக்கத்து மருத்துவமனையோடோ ஆலையோடோ ஓர் ஒப்பந்தம் போட்டு, வாரம் ஒரு நாள் அவர்கள் சோதனை ஓட்டம் நடத்தும் வேளையில் மாணவர்களை அழைத்துப் போனால் போதும். செலவு பேருந்துக் கட்டணம்.

தீயணைப்பானுக்கு வருவோம். இன்னும் சில நோட்டுகளில் மின்சாரத் தீயை 'ஈ வகை' என்று தனியாக எழுதவைக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் அப்படி ஒரு வகை இல்லை. மின்சாரம் எரிபொருள் அன்று. மெயினை அணைத்துவிட்டால் எரிவது ஒயர் உறையோ மரமோ எண்ணெயோதான். பவுடர் தீயணைப்பானில் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். உள்ளே பவுடர் ஈரத்தில் கட்டியாகிவிட்டால் முள் பச்சையில் நின்றாலும் காற்று மட்டும்தான் வரும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால்தான் அவ்வப்போது இறக்கித் தலைகீழாகப் பிடித்துக் குலுக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு உருளையில் முள்ளே இருக்காது. எடை போட வேண்டும்; நிரப்பிய வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். வாயு வெளியே வரும் புனலான அதன் ஹார்னை வெறுங்கையால் பிடித்தால் குளிரில் தோல் ஒட்டிக்கொண்டு உரியும்.

இவற்றை எரியும் தட்டில் பழக்க வேண்டும். ஒரு மீட்டர் சதுரத் தகரத் தட்டு, அடியில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர், மேலே மூன்று லிட்டர் டீசல், பற்றவைக்க அரை லிட்டர் பெட்ரோல். நீளக் கம்பியில் துணி சுற்றிக் கொளுத்த வேண்டும். காற்று முதுகில் அடிக்கும் பக்கமாக நின்று, இரண்டு மூன்று மீட்டர் தள்ளியிருந்து, தீயின் அடியில் கிட்டத்து ஓரத்தில் தொடங்கி இடவலமாக வீச வேண்டும். கிட்டப் போய் நேராக அடித்தால் எண்ணெய் தெறித்துத் தீ தட்டைத் தாண்டும். அணைந்ததும் முதுகைக் காட்டித் திரும்பக் கூடாது. பார்த்தபடியே பின்னுக்கு வர வேண்டும், மறுபடி பற்றிக்கொள்வது சகஜம். பயிற்றுநருக்கு ஒரு கண்டிப்பு: சூடான தட்டில் மீண்டும் எரிபொருள் ஊற்றக் கூடாது, ஆவி கேன் வரை வந்து பற்றும். பக்கத்தில் நிரப்பிய தீயணைப்பான் ஒன்று பயன்படுத்தாமல் நிற்க வேண்டும். ஆறு கிலோ தீயணைப்பான் சுமார் இருபது வினாடிக்குள் தீர்ந்துவிடும். முப்பது மாணவர்களுக்கு ஒன்றைக் காட்டி 'எல்லாரும் பார்த்தீங்களா?' என்று முடிப்பது பயிற்சி ஆகாது. அதற்கு யூடியூப் போதும்.

சுவாசக் கருவிக்கும் அதே கணக்குப் பழக்கம். 6.8 லிட்டர் உருளையில் 300 பார் அழுத்தம் (ஒரு பார் ஏறக்குறைய மேலே சொன்ன ஒரு கிலோ அழுத்தம்). பெருக்கினால் 2,040 லிட்டர் காற்று. வேலை செய்யும் ஆள் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்பதாக வைத்தால் 51 நிமிடம். காற்று தீரப்போகிறது என்று எச்சரிக்கும் விசில் 55 பாரில் அடிக்கும். அப்போது மிச்சம் 374 லிட்டர், ஒன்பது நிமிடம். ஆக உள்ளே வேலை பார்க்கக் கிடைப்பது சுமார் 41 நிமிடம், அதுவும் பதற்றமில்லாமல் மூச்சு விட்டால். ஹோஸ் இழுத்துப் படியேறும் புதிய ஆள் 60 லிட்டருக்கு மேலும் இழுப்பார். விசில் அடித்த பிறகு திரும்பலாம் என்று இருப்பவர், போன வழி பத்து நிமிடம் என்றால் வெளியே வரமாட்டார். மாஸ்க்கை மாட்டிக் குழாய் வாயை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுத்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. சேர்க்கையின்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் வருத்தப்படுகிறார்கள்.

பாடத்திட்டங்கள் பெரும்பாலும் பெட்ரோலிய ஆலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர் ஆபத்து வேறு மாதிரி. கிணற்றில் விழுந்த மாடு, மரத்தில் கதண்டு, வீட்டுக்குள் பாம்பு, ஏரியில் மூழ்கியவர் என்று தீயணைப்பு நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் தீயே இல்லாதவை ஏராளம். போலைன், கிளவ் ஹிட்ச், ஆளை இறக்கும் சேர் நாட் ஆகிய மூன்று முடிச்சுகளையும் கண்ணைக் கட்டிக்கொண்டு போடத் தெரியாமல் யாருக்கும் சான்றிதழ் தரக் கூடாது.

இதைவிட முக்கியம் கழிவுநீர்த் தொட்டி. ஒருவர் இறங்கி மயங்குகிறார், காப்பாற்ற இன்னொருவர் குதிக்கிறார், அவரைப் பார்த்து மூன்றாமவர். இந்தச் செய்தி உங்கள் நாளிதழில் எத்தனை முறை வந்திருக்கிறது! ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. 'வாடை போயிருச்சு, இறங்கலாம்' என்று சொல்லும் நிமிடம்தான் ஆபத்தான நிமிடம். பழைய கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவரவே கூடாது. விளக்கு ஆக்சிஜன் குறைவை மட்டும்தான் காட்டும், நச்சு வாயுவைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் தொட்டியே வெடிக்கும். ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய நான்கையும் அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று ஆழத்தில் அளக்க வேண்டும். காற்றில் இயல்பாக 20.9 சதவீதம் ஆக்சிஜன், 19.5-க்குக் கீழே என்றால் சுவாசக் கருவி இல்லாமல் தலையை நீட்டக்கூடக் கூடாது. சமுதாயக் கல்லூரி ஒன்று இந்த ஒரு பாடத்தை மட்டும் ஊர் முழுக்கச் சொல்லித் தந்தாலும் உயிர்கள் மிஞ்சும்.

கட்டடத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் படிப்பின் ஒரு பகுதி. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். கூரைக் கொட்டகை, பக்கத்தில் சமையல், ஒடுங்கிய படி. மாணவர்கள் தங்கள் கல்லூரிக் கட்டடத்தையே அளந்து, எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, எந்தப் படியின் அடியில் பழைய பெஞ்சுகள் கிடக்கின்றன என்று அறிக்கை எழுதட்டும். முதல்வருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும்.

பயிற்சி தருபவர் யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில், பேரிடர் ஒத்திகை என்ற பெயரில் இரண்டாம் மாடியிலிருந்து குதிக்கவைக்கப்பட்ட மாணவி ஒருவர் கீழே சன்ஷேடில் தலை மோதி இறந்தார். பயிற்சி கொடுத்தவருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு அறிவித்தது. உயரத்திலிருந்து குதிக்கும் பயிற்சிக்கு ஆளை இறக்கவே கூடாது. மணல் மூட்டையையோ பொம்மையையோ இறக்கிக் காட்டலாம். பயிற்றுநர் தீயணைப்புத் துறையில் பணியாற்றியவரா, நாகபுரி தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரியில் பயின்றவரா, ஆலைத் தீயணைப்புப் பிரிவில் இருந்தவரா என்று பெற்றோர் எழுத்தில் கேட்கலாம். மாணவர்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டா என்றும் கேட்கலாம்.

அரசுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் தரும் பல்கலைக்கழகங்கள் செய்முறை மணி நேரத்தைத் தாளில் மட்டும் பார்க்காமல், அருகிலுள்ள தீயணைப்பு நிலைய அலுவலரைச் செய்முறைத் தேர்வுக்கு வெளித் தேர்வாளராக வைக்கட்டும். வால்வைத் திறந்து, நாசிலைப் பிடித்து, ஹோஸைச் சுருட்டி முடிக்க ஒரு மாணவருக்குப் பத்து நிமிடம் போதும். தேர்வாளருக்கு அதில் எல்லாம் தெரிந்துவிடும்.

பெற்றோருக்கு எளிய வழி ஒன்று உண்டு. சேர்க்கை அறையில் பளபளக்கும் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, போன ஆண்டு தீயணைப்பான்களை மறுபடி நிரப்பிய ரசீதையும், சுவாசக் கருவி உருளைக்குக் காற்று அடைத்த ரசீதையும், பயிற்சித் தட்டுக்கு டீசல் வாங்கிய ரசீதையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் பயிற்சி நடக்கும் இடத்தில் இந்த மூன்று ரசீதும் கத்தையாக இருக்கும்.

இப்படிக்கு,
தொழிற்பாதுகாப்புப் பயிற்றுநர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.